தேடுபொறி மறைக்கும்போது: இணையத் தணிக்கை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சீனாவில் கூகுள், யாகூ, மைக்ரோசாஃப்ட் ஆகிய நிறுவனங்கள் நடந்துகொண்ட விதத்தைப் பற்றிப் பேச்செடுத்தாலே சில கேள்விகள் தவறாமல் வந்துவிடுகின்றன. மாணவர்கள் கேட்கிறார்கள், மென்பொருள் துறையில் வேலை செய்யும் நண்பர்கள் கேட்கிறார்கள், இணையத்தைச் செய்தி படிக்க மட்டும் பயன்படுத்தும் உறவினர்களும் கேட்கிறார்கள். அந்தக் கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்தவற்றையும் என் கருத்தையும் இங்கே சேர்த்தே எழுதியிருக்கிறேன்.

தணிக்கை என்றால் ஒரு தளத்தை முடக்குவதுதானே? இதில் தேடுபொறி எங்கே வருகிறது?

இலங்கையில் 2007 ஜூன் மாதம் தமிழ்நெட் என்ற செய்தித் தளம் முடக்கப்பட்டது. கொழும்பிலோ யாழ்ப்பாணத்திலோ உட்கார்ந்து முகவரியைத் தட்டினால் பக்கம் வராது. ஆனால் கூகுளில் தேடினால் தளத்தின் பெயர் வந்து நிற்கும். அழுத்தினால் திறக்காது, அவ்வளவுதான். தடுத்திருக்கிறார்கள் என்பது தடுக்கப்பட்டவருக்குத் தெரிந்தது. வெளிநாட்டில் இருக்கும் உறவினரிடம் கேட்கலாம், வேறு வழி தேடலாம், குறைந்தபட்சம் கோபப்படலாம்.

தேடுபொறி செய்யும் தணிக்கை அப்படிப்பட்டதன்று. பூட்டிய கதவைப் பார்த்தால் உள்ளே ஏதோ இருக்கிறது என்று தெரிந்துவிடும். கதவு இருந்த இடத்தையே பூசி மெழுகிவிட்டால், அங்கே ஒரு வீடு இருந்தது என்பதே வழிப்போக்கனுக்குத் தெரியாது. தேடல் முடிவிலிருந்து ஒரு பக்கத்தை நீக்குவது இந்த இரண்டாவது வேலை. ஏதோ இழந்துவிட்டோம் என்ற எண்ணமே வாசகருக்கு வராது. அதனால்தான் ஒரு அரசு ஆயிரம் தளங்களை முடக்குவதைவிட ஒரு தேடுபொறி ஓசையின்றி பத்துப் பக்கங்களை மறைப்பது எனக்கு அதிக அச்சம் தருகிறது.

சீனா உண்மையில் எப்படித் தடுக்கிறது?

'பெரும் ஃபயர்வால்', அதாவது பெரும் தடுப்புச் சுவர், என்று உலகம் அழைக்கும் ஏற்பாட்டில் பல அடுக்குகள் உண்டு. தளத்தின் பெயரை எண் முகவரியாக மாற்றித் தரும் சேவையில் பொய்யான எண்ணைத் தருவது ஒன்று. குறிப்பிட்ட எண் முகவரிகளுக்குப் போகும் பாதையையே அடைப்பது இன்னொன்று. நாட்டின் எல்லையைக் கடக்கும் தரவைத் திறந்து பார்த்து, தடைசெய்த சொல் இருந்தால் இரு முனைகளுக்கும் "இணைப்பு முடிந்தது" என்று போலிச் செய்தி அனுப்பித் துண்டித்துவிடுவது மூன்றாவது.

இந்த மூன்றாவது முறை எவ்வளவு மூர்க்கமானது என்பதற்கு 2012-ல் கூகுளே ஓர் உதாரணம் கொடுத்தது. 'ஜியாங்' என்ற ஒற்றை எழுத்துக்குச் சீன மொழியில் ஆறு என்று பொருள். முன்னாள் அதிபர் ஜியாங் செமினின் குடும்பப் பெயரும் அதே எழுத்துதான். அந்த ஓர் எழுத்தைத் தேடினால் போதும், ஒரு நிமிடத்துக்கு மேல் கூகுளுடன் இணைப்பே கிடைக்காது. யுன்னான் மாகாணத்தின் சுற்றுலா நகரமான லிஜியாங் பெயரிலும் அந்த எழுத்து இருக்கிறது. விடுமுறைக்கு எங்கே போகலாம் என்று பார்த்த குடும்பமும் துண்டிக்கப்பட்டது. அந்த ஆண்டு மே மாத இறுதியில் கூகுள், "நீங்கள் தட்டிய சொல்லில் இந்த எழுத்து சிக்கல் தரக்கூடும்" என்று முன்கூட்டியே எச்சரிக்கும் வசதியைக் கொண்டுவந்தது. ஆண்டு முடிவதற்குள் சத்தமில்லாமல் அதை எடுத்தும்விட்டது.

ஆனால் ஃபயர்வால் மட்டும் போதாது என்பது சீன அரசுக்குத் தெரியும். நாட்டுக்குள் தொழில் நடத்த உரிமம் வேண்டும். உரிமம் வேண்டுமானால் தன் தளத்தில் தோன்றும் எல்லாவற்றுக்கும் நிறுவனமே பொறுப்பு. எதை நீக்க வேண்டும் என்று அரசு முழுப் பட்டியல் தருவதில்லை. தவறினால் உரிமம் போகும் என்ற பயத்திலேயே நிறுவனங்கள் தேவைக்கு மேலேயே நீக்கிவிடுகின்றன.

கூகுள் ஏன் 2006-ல் தணிக்கைக்கு ஒப்புக்கொண்டு உள்ளே போனது?

2000-லிருந்தே கூகுளுக்குச் சீன மொழிப் பதிப்பு இருந்தது. அது அமெரிக்க சர்வர்களிலிருந்து வந்துகொண்டிருந்தது. 2002 செப்டம்பரில் ஏறக்குறைய இரண்டு வாரம் சீனாவில் அதை முழுக்கத் தடுத்தார்கள். தடை விலகிய பிறகும் எல்லையில் வடிகட்டப்பட்டு, தட்டுத் தடுமாறித்தான் வந்தது. இதற்கிடையே உள்நாட்டு நிறுவனமான பைடூ வளர்ந்துவிட்டது. 2006 ஜனவரியில் சீனாவுக்கென்று தனித் தளத்தைத் தொடங்கி, அரசு விரும்பாதவற்றைத் தானே நீக்கிக்கொள்வதாகக் கூகுள் ஒப்புக்கொண்டது. எதுவும் கிடைக்காமல் இருப்பதைவிடக் கொஞ்சம் குறைவாகவாவது கிடைப்பது மக்களுக்கு நல்லது என்பது அவர்கள் வாதம்.

எதை நீக்குவது என்று அவர்கள் கண்டுபிடித்த விதத்தைக் கேளுங்கள். அரசிடமிருந்து பட்டியல் வரவில்லை. ஆகவே பொறியாளர்கள் சீனாவுக்குள் ஒரு கணினியை வைத்து, ஒவ்வொரு தளமாகத் திறந்து பார்த்தார்கள். எது திறக்கவில்லையோ அது கறுப்புப் பட்டியலில் சேர்ந்தது. சுவர் எதையெல்லாம் தடுக்கிறதோ அதை அப்படியே பிரதியெடுத்துத் தங்கள் தேடலுக்குள் வைத்துக்கொண்டார்கள். உலகின் மிகச் சிறந்த பொறியாளர்கள் சிலர் இந்த வேலையைச் செய்தார்கள் என்று படித்த நாளில் எனக்கு மனம் கசந்துபோனது.

விளைவை யாரும் தங்கள் கண்ணாலேயே பார்க்க முடிந்தது. தியானன்மென் என்பது 1989 ஜூனில் ஜனநாயகம் கேட்ட மாணவர் போராட்டத்தை ராணுவம் நசுக்கிய பெய்ஜிங் சதுக்கம். வழக்கமான கூகுளில் 'தியானன்மென்' என்று படம் தேடினால் 1989-ன் பீரங்கி வண்டிகளும், அவற்றின் முன் கையில் பைகளுடன் தனியாக நின்ற மனிதரும் வருவார்கள். சீனத் தளத்தில் அதே சொல்லைத் தேடினால் வெயிலில் பளிச்சிடும் சதுக்கமும் சிரித்தபடி நிற்கும் சுற்றுலாப் பயணிகளும். சொல் ஒன்றுதான், நிறுவனமும் ஒன்றுதான். திரையில் தெரிந்த வரலாறு மட்டும் வேறு.

அப்படியென்றால் கூகுள் செய்தது முழுக்கத் தவறா?

உள்ளே போனது தவறு என்றே நினைக்கிறேன். ஆனால் போகும்போது மூன்று விஷயங்களை அவர்கள் யோசித்திருந்தார்கள் என்பதைச் சொல்லாமல் விடக்கூடாது. ஜிமெயிலையும் வலைப்பூச் சேவையையும் சீனாவுக்குள் கொண்டுபோகவில்லை. பயனரின் கடிதங்கள் அங்குள்ள சர்வரில் இருந்தால், ஒருநாள் போலீஸ் வந்து கேட்கும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. பழைய, தணிக்கையில்லாத சீன மொழிப் பதிப்பை மூடவில்லை. மூன்றாவதாக, எதையாவது நீக்கியிருந்தால் பக்கத்தின் அடியில் ஒரு வரி போட்டார்கள்: உள்ளூர்ச் சட்டங்கள், விதிமுறைகள், கொள்கைகளின்படி சில தேடல் முடிவுகள் காட்டப்படவில்லை.

ஒற்றை வரியில் என்ன இருக்கிறது? நீக்கியது நீக்கியதுதானே?

என்னிடம் அதிகம் பேர் சண்டை போடுவது இந்த இடத்தில்தான். என் கருத்தில் மொத்த விவகாரமும் அந்த வரியில்தான் இருக்கிறது.

அந்த வழக்கம் சீனாவில் பிறந்ததன்று. 2002 மார்ச்சில் அமெரிக்காவில் தோன்றிய சயின்டாலஜி என்ற மத அமைப்பு, நார்வேயைச் சேர்ந்த ஒருவர் தங்களை விமர்சித்து நடத்திய தளத்தின் பக்கங்களைக் காப்புரிமைச் சட்டத்தைக் காட்டி நீக்கச் சொன்னது. கூகுள் நீக்கியது. கடும் எதிர்ப்பு கிளம்பியது. அந்தத் தளத்தின் முகப்புப் பக்கத்தைத் தேடலில் திரும்பக் கொண்டுவந்ததோடு, இனி இப்படி வரும் நீக்கக் கோரிக்கைகளை ஒரு பொது ஆவணக் காப்பகத்துக்கு அனுப்பவும், தேடல் பக்கத்தின் அடியிலிருந்து அதற்கு இணைப்புக் கொடுக்கவும் தொடங்கியது. அந்தக் காப்பகம் இன்று 'லூமன்' என்ற பெயரில் இயங்குகிறது. யார் நீக்கச் சொன்னார்கள், எதை, எந்தக் காரணத்தால் என்பதை யார் வேண்டுமானாலும் படிக்கலாம்.

இப்போது ஷாங்காயில் 2006-ல் உட்கார்ந்திருக்கும் ஒரு கல்லூரி மாணவியை நினைத்துப் பாருங்கள். பள்ளிப் பாடத்தில் 1989 ஜூன் இல்லை. வீட்டில் பேசுவதில்லை. ஏதோ ஒரு சொல்லைத் தேடுகிறாள், சாதாரண முடிவுகள் வருகின்றன, அடியில் அந்த வரி. சில முடிவுகள் காட்டப்படவில்லை. எவை? ஏன்? அந்த இரண்டு கேள்விகளை அவளுக்குள் எழுப்புவதுதான் தணிக்கையாளருக்குப் பிடிக்காத வேலை. அவள் தேடியது கிடைக்கவில்லை. ஆனால் பொய் சொல்லி ஏமாற்றவும் இல்லை. பின்னாளில் பைடூவும் இத்தகைய ஒரு வரியைக் காட்டத் தொடங்கியது.

யாகூ செய்தது இதைவிட மோசம் என்கிறார்களே, ஏன்?

ஷி தாவ் ஹுனான் மாகாணத் தலைநகர் சாங்ஷாவில் ஒரு வணிகப் பத்திரிகையில் வேலை பார்த்த செய்தியாளர். 2004 ஏப்ரலில் அலுவலகக் கூட்டத்தில் மேலிடத்து உத்தரவு ஒன்று வாசிக்கப்பட்டது. தியானன்மென் சம்பவத்தின் 15-ஆம் ஆண்டு நினைவு நாள் வருகிறது, பத்திரிகைகள் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பது பற்றிய உத்தரவு. ஷி தாவ் குறிப்பெடுத்துக்கொண்டார். ஏப்ரல் 20 இரவு, தன் யாகூ மின்னஞ்சலிலிருந்து அந்தக் குறிப்பை அமெரிக்காவில் இயங்கிய ஜனநாயக ஆதரவுத் தளம் ஒன்றுக்கு அனுப்பினார்.

அனுப்பிய நேரம் இரவு 11 மணி 32 நிமிடம் 17 நொடி. நொடிக் கணக்கில் எப்படித் தெரியும் என்றால், அது அவருக்கு எதிரான தீர்ப்பிலேயே இருக்கிறது. அந்த நொடியில் மின்னஞ்சல் போன ஐபி முகவரி (இணைய இணைப்பின் எண் முகவரி) சாங்ஷாவில் உள்ள பத்திரிகை அலுவலகத்தினுடையது என்பதற்கான சான்றாக, யாகூவின் ஹாங்காங் நிறுவனம் தந்த கணக்கு விவரத்தைத் தீர்ப்பு பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. நவம்பரில் கைது, 2005 ஏப்ரலில் பத்து ஆண்டுச் சிறைத்தண்டனை. அரசு ரகசியத்தை வெளிநாட்டுக்குக் கொடுத்தார் என்பது குற்றச்சாட்டு. தண்டனைக் காலம் முடிய ஒன்றேகால் ஆண்டு இருக்கும்போது, 2013 ஆகஸ்டில்தான் வெளியே வந்தார். யாகூ தந்த விவரத்தால் சிறை சென்றவர் அவர் ஒருவர் மட்டுமல்லர். வாங் சியாவ்னிங் என்பவருக்கும் அதே பத்து ஆண்டு.

ஒரு பக்கத்தை மறைப்பதும் ஒரு மனிதனைக் காட்டிக்கொடுப்பதும் ஒன்றாகுமா? மறைத்த பக்கத்தை நாளை திரும்ப வைக்கலாம். ஷி தாவ் சிறையில் கழித்த எட்டே முக்கால் ஆண்டை எந்த நிறுவனமும் திரும்பத் தர முடியாது.

"அந்த நாட்டின் சட்டத்துக்குக் கட்டுப்பட்டோம்" என்பது நியாயமான பதில்தானே?

யாகூ அதைத்தான் சொன்னது. 2006 பிப்ரவரியில் அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையின் விசாரணையில் யாகூ, கூகுள், மைக்ரோசாஃப்ட், வலையமைப்புக் கருவிகள் செய்யும் சிஸ்கோ நான்கும் ஒரே மேசையில் உட்கார்ந்து பதில் சொன்னபோது, வழக்கு எத்தகையது என்றே தங்களுக்குத் தெரியாது என்றது யாகூ. பிறகு பார்த்தால், சீனப் போலீஸ் அனுப்பிய கடிதத்திலேயே "அரசு ரகசியம்" என்ற சொல் இருந்திருக்கிறது. சீனாவில் அந்தச் சொல் யார் மீது பாயும் என்பது அங்கே தொழில் செய்யும் எவருக்கும் தெரியும்.

2007 நவம்பர் 6 அன்று யாகூவின் தலைமை அதிகாரி ஜெர்ரி யாங்கை நேரில் அழைத்தார்கள். குழுத் தலைவர் டாம் லான்டோஸ், நாஜி இன அழிப்பில் தப்பிப் பிழைத்தவர். "தொழில்நுட்பத்திலும் பணத்திலும் நீங்கள் ராட்சதர்கள், ஒழுக்கத்தில் குள்ளர்கள்" என்றார். யாங்கின் பின்வரிசையில் ஷி தாவின் தாய் உட்கார்ந்திருந்தார். யாங் திரும்பி அவரைப் பார்த்துத் தலைகுனிந்து வணங்கினார். ஒரு வாரத்தில் குடும்பங்கள் தொடுத்த வழக்கில் யாகூ சமரசம் செய்துகொண்டது.

சட்டத்தை மீறச் சொல்லவில்லை. ஹாங்காங்கிலோ பெய்ஜிங்கிலோ வேலை பார்க்கும் ஊழியர் போலீஸ் உத்தரவை மறுத்தால் அவரே சிறை போவார், அதை யாரும் கேட்க முடியாது. ஆனால் தரவை எந்த நாட்டில் வைப்பது என்ற முடிவு அதற்கு முன்பே எடுக்கப்படுகிறது. அதை எடுப்பது நிறுவனம். யாகூ பட்ட பின்பு கற்றுக்கொண்டது: வியட்நாமிய மொழிச் சேவையைத் தொடங்கும்போது சர்வர்களை வியட்நாமில் வைக்காமல் சிங்கப்பூரில் வைத்தது. இந்த யோசனை 2004-க்கு முன் வந்திருக்க வேண்டும்.

2008 அக்டோபரில் கூகுள், மைக்ரோசாஃப்ட், யாகூ மூன்றும் மனித உரிமை அமைப்புகளோடு சேர்ந்து 'குளோபல் நெட்வொர்க் இனிஷியேட்டிவ்' என்ற கூட்டமைப்பைத் தொடங்கின. அரசு கேட்பதைக் குறுகலாகப் பொருள்கொள்வது, எழுத்தில் கேட்பது, முடிந்தவரை எதிர்ப்பது என்றெல்லாம் நெறிகள் வகுத்தார்கள். நல்லதுதான். கட்டாயமில்லை என்பது அதன் குறை. இதையே சட்டமாக்க 2006-லேயே அமெரிக்காவில் ஒரு மசோதா கொண்டுவந்தார்கள். அது நிறைவேறவே இல்லை.

ஜெர்மனியிலும் இந்தியாவிலும் கூடத்தான் நீக்குகிறார்கள். சீனாவை மட்டும் ஏன் குறை சொல்ல வேண்டும்?

நியாயமான கேள்வி. நாஜி ஆதரவுத் தளங்களை ஜெர்மன், பிரெஞ்சுப் பதிப்புகளிலிருந்து கூகுள் நீக்குகிறது என்பது 2002-லேயே தெரியவந்தது. 2014 மே மாதம் ஐரோப்பிய நீதிமன்றம், தன் பெயரைத் தேடினால் வரும் பழைய, பொருத்தமற்ற தகவலை நீக்கக் கோரும் உரிமை தனிமனிதருக்கு உண்டு என்று தீர்ப்பளித்தது. வழக்குப் போட்டவர் ஒரு ஸ்பெயின்காரர். தீர்ந்துபோன கடனுக்காகத் தன் வீடு ஏலத்துக்கு வந்த பழைய பத்திரிகை அறிவிப்பு தன்னைத் துரத்துகிறது என்பது அவர் குறை.

நம் நாட்டில் கருவின் பாலினத்தைக் கண்டறியும் விளம்பரங்களை 1994-ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்கிறது. தேடுபொறிகளில் அவை தாராளமாக வந்துகொண்டிருந்தன. உச்ச நீதிமன்றத்தில் வழக்கு நடந்து, 2016-ல் கூகுள், யாகூ, மைக்ரோசாஃப்ட் மூன்றும் அந்தச் சொற்களுக்கான விளம்பரங்களைத் தானாகவே தடுக்க ஒப்புக்கொண்டன. பெண் சிசுக்கொலையின் கதைகளைக் கேட்டு வளர்ந்த எனக்கு அதில் துளியும் வருத்தமில்லை.

நான் பார்ப்பது இதைத்தான்: உத்தரவு போட்டது யார், அது வெளியே தெரிகிறதா, பாதிக்கப்பட்டவர் போய் முறையிட ஓர் இடம் இருக்கிறதா. ஸ்பெயின்காரரின் வழக்கு திறந்த நீதிமன்றத்தில் நடந்தது. பெய்ஜிங்கின் உத்தரவுகளுக்கு எதிராக எந்த நீதிமன்றத்துக்குப் போவது?

இதே அளவுகோலை வைத்தால் இந்தியாவும் தப்பாது. 2015-ல் ஷ்ரேயா சிங்கால் வழக்கில் உச்ச நீதிமன்றம் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில், இணையத்தில் எழுதியதற்காகக் கைது செய்ய இடம் தந்த 66ஏ பிரிவை ரத்து செய்தது. ஆனால் தளங்களை முடக்கும் 69ஏ பிரிவைச் செல்லும் என்றது. அதன் கீழ் 2009-ல் போட்ட விதிகளில் 16-ஆவது விதி, கோரிக்கைகளையும் நடவடிக்கைகளையும் ரகசியமாக வைக்கச் சொல்கிறது. முடக்கப்பட்டதே தெரியாதவர் எதை வைத்து வழக்குப் போடுவார்? அந்த விதி போக வேண்டும்.

2010-ல் கூகுள் வெளியேறியது கொள்கைக்காகவா, ஹேக்கிங்கால் வந்த கோபமா?

இரண்டும்தான். 2009 டிசம்பரில் சீனாவிலிருந்து நடந்த தாக்குதலில் கூகுளும் குறைந்தது 20 வேறு நிறுவனங்களும் குறிவைக்கப்பட்டன. சீன மனித உரிமை ஆர்வலர்களின் ஜிமெயில் கணக்குகள் தாக்குதலின் நோக்கங்களில் ஒன்று என்று 2010 ஜனவரி 12 அன்று கூகுள் அறிவித்து, இனித் தணிக்கை செய்ய மாட்டோம் என்றது. நிறுவனர்களில் ஒருவரான செர்ஜி பிரின் சோவியத் மாஸ்கோவில் பிறந்து, ஆறு வயதில் பெற்றோருடன் வெளியேறியவர். இந்த முடிவுக்காக அழுத்தம் கொடுத்தவர் அவர்.

மறுநாள் பெய்ஜிங்கின் சுங்குவான்சுன் பகுதியில் கூகுள் அலுவலகத்தின் முன் மக்கள் வந்து பூக்களை வைத்தார்கள். காவலர்கள் அவற்றை அகற்றினார்கள். அனுமதியில்லாமல் பூ வைப்பது கூடாது என்று யாரோ சொன்னதிலிருந்து, "சட்டவிரோத மலரஞ்சலி" என்ற சொல் சீன இணையத்தில் பரவியது. மார்ச் 22 முதல் சீனத் தளத்துக்குப் போனவர்கள் தணிக்கையில்லாத ஹாங்காங் தளத்துக்கு அனுப்பப்பட்டார்கள். 2014-ல் தியானன்மென் 25-ஆம் ஆண்டை ஒட்டி கூகுள் சேவைகள் பரவலாகத் தடுக்கப்பட்டன. அந்த ஆண்டு முடிவில் ஜிமெயிலும் போனது.

டிராகன்ஃப்ளை என்பது என்ன?

திரும்பிப் போக நடந்த ரகசிய முயற்சி. 2018 ஆகஸ்டில் 'தி இன்டர்செப்ட்' இதழ் வெளிப்படுத்தியது. தணிக்கை செய்யப்பட்ட ஒரு தேடல் செயலி. 'மனித உரிமை', 'மாணவர் போராட்டம்', 'நோபல் பரிசு' போன்ற சொற்கள் கறுப்புப் பட்டியலில் இருந்தன என்றும், தேடுபவரின் தொலைபேசி எண்ணோடு தேடல்கள் இணைக்கப்பட்டன என்றும் செய்தி வந்தது. இதில் இரண்டாவது விஷயம்தான் என்னை உலுக்கியது. 2006-ல் ஜிமெயிலைக்கூட உள்ளே கொண்டுபோகாமல் பயந்த நிறுவனம், பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, யார் எதைத் தேடினார் என்று சொல்லக்கூடிய ஒன்றைக் கட்டிக்கொண்டிருந்தது. ஷி தாவின் கதை நடந்து முடிந்த பிறகு!

அப்போது தலைமை அதிகாரி சுந்தர் பிச்சை. மதுரையில் பிறந்து சென்னையில் வளர்ந்தவர் என்று நாம் பெருமையோடு பேசுகிறோம், நானும் பேசியிருக்கிறேன். அந்தப் பெருமைக்கு ஒரு விலை உண்டு. நம்மவர் என்று கொண்டாடுபவரை நம்மவர் என்றே கேள்வியும் கேட்க வேண்டும். 2018 டிசம்பர் 11 அன்று அமெரிக்க நாடாளுமன்றக் குழுவின் முன், ஒரு கட்டத்தில் நூற்றுக்கு மேற்பட்டோர் அதில் வேலை செய்தார்கள் என்று ஒப்புக்கொண்ட அவர், "இப்போதைக்கு" சீனாவில் தேடல் சேவை தொடங்கும் திட்டமில்லை என்றார். இனிமேலும் இல்லை என்று சொல்லவில்லை.

அதை நிறுத்தியதில் பெரும் பங்கு ஊழியர்களுடையது. சுமார் 1,400 பேர் விளக்கம் கேட்டுக் கையெழுத்திட்டார்கள். ஆய்வு விஞ்ஞானி ஜாக் பவுல்சன் வேலையை விட்டார். 2019 ஜூலையில் கூகுள் அதிகாரி ஒருவர் செனட் குழுவிடம் திட்டம் கைவிடப்பட்டது என்று உறுதியாகச் சொன்னார்.

மைக்ரோசாஃப்டின் தேடுபொறியான பிங் இன்னும் சீனாவில் இருக்கிறதே?

இருக்கிறது, விலையும் கொடுக்கிறது. டொரன்டோ பல்கலைக்கழகத்தின் சிட்டிசன் லேப் 2023-ல் சீனாவில் இயங்கும் எட்டுத் தளங்களின் தேடலைச் சோதித்து 60,000-க்கும் அதிகமான தணிக்கை விதிகளைக் கண்டறிந்தது. பிங்கின் அரசியல் தணிக்கை பைடூவினுடையதைவிடப் பரந்தது என்றது அந்த ஆய்வு. உள்ளேயிருந்து கொஞ்சமாவது நல்லது செய்வோம் என்ற வாதத்தை நம்பியவர்கள் இதைப் படிக்க வேண்டும்.

தணிக்கை எல்லைக்குள் நிற்குமா என்ற சந்தேகத்துக்கும் விடை உண்டு. 2021 ஜூன் 4, தியானன்மென் நினைவு நாள். அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் ஜெர்மனியிலும் பிங்கில் 'டேங்க் மேன்' என்று, பீரங்கி வண்டிகளின் முன் தனியாக நின்ற அந்த மனிதரின் படத்தைத் தேடியவர்களுக்கு எந்த முடிவும் இல்லை என்று வந்தது. பிங்கிலிருந்து முடிவுகளைப் பெறும் டக்டக்கோ என்ற தேடுபொறியிலும் அதே வெறுமை. தற்செயலான மனிதத் தவறு என்றது மைக்ரோசாஃப்ட். அப்படியே இருக்கட்டும். பெய்ஜிங்குக்காகச் செய்துவைத்த விசை ஒன்று இருந்ததால்தானே ஒருவரின் கை தவறி அதன்மேல் பட முடிந்தது? அன்று திரையில் "நீக்கப்பட்டது" என்று ஒரு வார்த்தை இல்லை. முடிவுகளே இல்லை என்றது. பூசி மெழுகிய சுவர் என்று முதலில் சொன்னேனே, அது இதுதான்.

கூகுள் போனதால் நஷ்டம் சாதாரண சீனர்களுக்குத்தானே?

ஆமாம், அவர்களுக்குத்தான். 2016-ல் அரிய வகைப் புற்றுநோய் வந்த 21 வயது மாணவர் ஒருவர் பைடூவில் சிகிச்சை தேடினார். பணம் கட்டி மேலே வந்த மருத்துவமனையின் பெயர் முன்னால் நின்றது. குடும்பம் கடன் வாங்கிச் செலவழித்தது. அந்தச் சிகிச்சை வெளிநாடுகளில் சோதனையிலேயே தோற்றுக் கைவிடப்பட்டது என்பது, அமெரிக்காவில் படிக்கும் ஒருவர் கூகுளில் தேடிச் சொன்ன பிறகே அவருக்குத் தெரிந்தது. அந்த ஏப்ரலில் இறந்துபோனார். நாடே கொதித்த பிறகு, பக்கத்தில் விளம்பர முடிவுகள் 30 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்று அரசு உத்தரவிட்டது.

இதைப் படிக்கும்போது 2006-ன் முடிவு சரியோ என்று எனக்கும் ஒரு கணம் தோன்றும். பிறகு ஷி தாவின் தாயை நினைப்பேன். ஒரு தேடுபொறியே கோலோச்சும்படி போட்டியைச் சுவர் வைத்து அடைத்தது யார் என்றும் நினைப்பேன். அந்த மாணவரின் குடும்பத்துக்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் பைடூவும் அந்தச் சுவரைக் கட்டியவர்களும்.

பயனராக நான் என்ன செய்யலாம்?

முக்கியமான ஒன்றைத் தேடும்போது பக்கத்தின் அடிவரை போங்கள். நீக்க அறிவிப்பு இருந்தால் அழுத்திப் படியுங்கள், லூமனுக்கு இணைப்பு இருக்கலாம். அதே சொல்லை வேறொரு தேடுபொறியிலும், முடிந்தால் வேறொரு மொழியிலும் தேடிப் பாருங்கள். கூகுள் 2010-லிருந்து, எந்த அரசு எத்தனை நீக்கக் கோரிக்கைகள் அனுப்பியது என்று அறிக்கை வெளியிடுகிறது. இந்தியாவின் பக்கத்தை ஒருமுறையாவது பாருங்கள். நீங்கள் இத்தகைய நிறுவனத்தில் வேலை செய்பவர் என்றால், அந்த 1,400 கையெழுத்துகளை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

கூகுள் தஞ்சம் புகுந்த ஹாங்காங் இப்போது எப்படி இருக்கிறது?

2022 நவம்பரில் தென்கொரியாவின் இஞ்சியோனில் நடந்த ரக்பி போட்டியில் ஹாங்காங் அணிக்குச் சீன தேசிய கீதத்துக்குப் பதிலாக, 2019 போராட்டத்தில் மக்கள் பாடிய பாடல் ஒலித்துவிட்டது. ஹாங்காங்கின் தேசிய கீதம் என்று தேடினால் அந்தப் பாடல் முன்னால் வருகிறது, மாற்றுங்கள் என்று ஹாங்காங் அரசு கூகுளைக் கேட்டது. கூகுள் மறுத்தது. அந்தப் பாடலுக்குத் தடை கேட்டு அரசு நீதிமன்றம் போனது. 2023-ல் உயர் நீதிமன்றம் தடை தர மறுத்தது. 2024 மே 8 அன்று மேல்முறையீட்டு நீதிமன்றம் தந்தது. ஒரு வாரத்துக்குள் யூடியூப் 32 காணொளிகளை ஹாங்காங்கில் முடக்கியது. உத்தரவு ஏமாற்றமளிக்கிறது என்று யூடியூப் சொன்னது, கீழ்ப்படியவும் செய்தது.

2010-ல் கூகுள் தணிக்கையிலிருந்து தப்பிப் போன அதே ஊரில், அந்தப் பாடலை இன்று அழுத்தினால் கறுப்புத் திரையில் ஓர் அறிவிப்பு வருகிறது: நீதிமன்ற உத்தரவின் காரணமாக இந்த உள்ளடக்கம் இந்த நாட்டுக்கான தளத்தில் கிடைக்காது.